தொடக்கம் சரியில்லை என்றால் மூடிவிடலாமா?

அடுத்த மாதச் செயலவைக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் வரப்போகிறது. எங்கள் கிளை கோயில் மண்டபத்தில் நடத்தும் ஞாயிற்றுக்கிழமை தேவார வகுப்பைத் தொடர்வதா, நிறுத்திவிடுவதா?

முதல் வாரம் 23 பிள்ளைகள் வந்தார்கள். உட்காரப் பாய் போதவில்லை. மூன்றாம் மாத முடிவில் 5 பேர். அதிலும் இரண்டு பேர் வகுப்பு நடத்தும் அக்காவின் தம்பிகள், வேறு வழியில்லாமல் வருகிறவர்கள். போன கூட்டத்தில் பொருளாளர் அண்ணன், "அஞ்சு பேருக்கு எதுக்குப்பா மண்டபம், ஃபேன், லைட்டு, பசியாற மீஹூன்? தொடக்கமே சரியில்லை. மூடிட்டு வேற ஏதாச்சும் செய்வோம்" என்றார்.

பாடம் நடத்தும் மூன்று பேரில் நானும் ஒருவன். எழுந்து பதில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை, ஏனென்றால் என்னிடம் பதில் இல்லை.

அன்று இரவு விடுதிக்குத் திரும்பியதும் நான் எடுத்துப் புரட்டியது எக்ஸ்-மென் காமிக்ஸ் தொகுப்பை. சமய இளைஞர் பத்திரிகையில் இது எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். படங்களைப் பார்த்து வுல்வரினை நம்மில் பலருக்கும் தெரியும். அந்தப் படங்களுக்கு மூலமான காமிக்ஸ், தொடங்கி ஏழு வருஷத்துக்குள் புதுக்கதை நின்றுபோன ஒரு தொடர் என்பது அவ்வளவாகத் தெரியாது. பொருளாளர் அண்ணன் கேட்ட அதே கேள்வியை அந்தத் தொடரிடமும் யாரோ ஒருவர் கேட்டிருப்பார். தடுமாறித் தொடங்கிய ஒன்று தேறுமா? தேறும் என்று நம்பி எவ்வளவு நாள் காத்திருப்பது? எப்போது "போதும்" என்று சொல்வது நியாயம்? இந்த மூன்று கேள்விகளையும் அந்தக் கதையை வைத்து யோசித்துப் பார்த்தேன்.

நல்ல கரு, தடுமாறிய கை

எக்ஸ்-மென் முதல் இதழ் 1963 செப்டம்பர் தேதியிட்டு வந்தது. எழுதியவர் ஸ்டான் லீ, வரைந்தவர் ஜாக் கிர்பி. இருவரும் அப்போது மார்வெல் நிறுவனத்தின் பெரிய கைகள். மியூட்டன்ட் என்பவர்கள் பிறவியிலேயே அபூர்வ சக்தியோடு பிறந்தவர்கள். அந்த வித்தியாசத்துக்காகவே ஊர் அவர்களைக் கண்டு பயப்படும், வெறுக்கும். பேராசிரியர் சேவியர் அப்படிப்பட்ட ஐந்து இளைஞர்களைச் சேர்த்துப் பள்ளி நடத்துகிறார். தங்களை வெறுக்கிற மனிதர்களையே காப்பாற்ற அவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார்.

எவ்வளவு பெரிய கரு, பாருங்கள். உன்னை வெறுப்பவனுக்கு நீ ஏன் நன்மை செய்ய வேண்டும்? நம் சமய வகுப்பில் கேட்க வேண்டிய கேள்வி இது.

ஆனால் அந்தக் கருவைத் தொடர் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளவில்லை. முதல் இதழிலேயே மேக்னீட்டோ ஓர் ஏவுகணைத் தளத்தைப் பிடிக்கிறான். எக்ஸ்-மென் அவனை விரட்டுகிறார்கள். ராணுவ அதிகாரி நன்றி சொல்லி அனுப்புகிறார். இரண்டாம் இதழில் ஏஞ்சலைச் சுற்றி ரசிகைகள் கூட்டம் மொய்க்கிறது. வெறுக்கப்படுகிறவர்கள் எங்கே? மூன்றாம் இதழில் பேராசிரியர் தன் மாணவி ஜீன் மீது தனக்குக் காதல் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்கிறார். இன்று படித்தால் கூசுகிறது. ஐந்து பேருக்கும் ஒரே மாதிரி சீருடை, ஒவ்வோர் இதழுக்கும் ஒரு வில்லன், கடைசிப் பக்கத்தில் வெற்றி.

அதற்காக எல்லாமே மோசம் என்று சொல்லிவிட முடியாது. 8ஆம் இதழில் ஒரு குழந்தையைக் காப்பாற்றிய பீஸ்ட்டை, அவன் மியூட்டன்ட் என்பதற்காகக் கூட்டமே துரத்துகிறது. 1965இல் வந்த 14ஆம் இதழில் டிராஸ்க் என்ற அறிஞர் மியூட்டன்ட்களை வேட்டையாட சென்டினல் என்ற இயந்திர மனிதர்களைச் செய்கிறார். அவை செய்தவர் மீதே திரும்புகின்றன. இந்த இடங்களில் அந்தக் கேள்வி சட்டென்று தலைகாட்டும். அடுத்த சில இதழ்களில் மறுபடி காணாமல் போகும்.

கிர்பி விலகினார், எழுத்தாளர்கள் மாறினார்கள். 1969இல் நீல் ஆடம்ஸ் வந்து அருமையாக வரைந்தார். அதுவும் போதவில்லை. 1970 மார்ச் தேதியிட்ட 66ஆம் இதழோடு புதுக்கதை நின்றது. தொடக்கம் சரியில்லை, மூடிவிட்டார்கள்.

ஆட்டம் அடங்குமா, கூடுமா?

நான் படிப்பது மின்னியல் பொறியியல். அதில் கட்டுப்பாட்டு அமைப்புகள் என்று ஒரு பாடம். ஒரு மோட்டாரை நிமிடத்துக்கு 1000 சுற்றில் ஓடு என்று கட்டளை கொடுக்கிறோம் என்று வையுங்கள். உடனே போய் 1000இல் நிற்காது. 1200 வரை ஏறும், 900க்கு இறங்கும், 1050, 980 என்று ஆடி ஆடித்தான் 1000க்கு வந்து சேரும். வேறு சில அமைப்புகளில் ஆட்டம் அடங்காது. ஒவ்வொரு தடவையும் பெரிதாகி, கடைசியில் ஏதாவது ஒன்று எரிந்துபோகும்.

முதல் சில நொடிகளைப் பார்த்து இது எந்த வகை என்று சொல்வது கஷ்டம். இரண்டும் ஆடும். பின்னால் அடங்குமா, பெருகுமா என்பதை முடிவு செய்வது உள்ளே இருக்கும் அமைப்பு. அதனால் "தொடக்கம் ஆடுகிறது, ஆகவே மூடு" என்பதும் சரியான முடிவு இல்லை. "எல்லாத் தொடக்கமும் அப்படித்தான், பொறுமையா இரு" என்பதும் சரியான முடிவு இல்லை. உள்ளே போய்ப் பார்க்காமல் எடுக்கும் முடிவுகள்தான் இரண்டும்.

இதே பாடத்தில் இன்னொன்றும் சொல்லித்தருவார்கள். தானாக அடங்காத அமைப்பைக்கூட அடக்க வழி உண்டு: வெளியே வரும் விளைவை அளந்து, அதை உள்ளே திருப்பி அனுப்பி, தப்பைத் திருத்திக்கொண்டே இருப்பது. இதைப் பின்னூட்டம் என்கிறோம். பின்னூட்டம் இல்லாத அமைப்புக்கு உதாரணம் ரொட்டி சுடும் டோஸ்டர். ரொட்டி கருகுகிறதா என்று அது பார்க்காது. வைத்த நேரம் முடியும்வரை சுட்டுக்கொண்டே இருக்கும்.

எங்கள் வகுப்பு டோஸ்டர் மாதிரிதான் ஓடியது. பிள்ளைகள் ஏன் வரவில்லை என்று ஒருவரையும் நாங்கள் கேட்கவில்லை. மூன்றாம் மாத அறிக்கையில் "மழைக்காலம், பள்ளித் தேர்வு காரணமாக வருகை குறைவு" என்று எழுதினோம். எழுதியது நான்தான்.

பிறகு ஒருநாள் பாசார் மாலாமில், பர்கர் கடை வரிசையில், முதல் மாதத்தோடு நின்றுபோன ஒரு பையனைப் பார்த்தேன். படிவம் ஒன்று படிக்கிறான். "ஏன் தம்பி வகுப்புக்கு வர்றதில்ல?" என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கினான். "அண்ணே, கோவிச்சுக்காதீங்க. பாடச் சொல்றீங்க. ராகம் தப்புன்னா மறுபடி பாடச் சொல்றீங்க. அவர் எதுக்கு அப்படிப் பாடினாருன்னு ஒரு நாள்கூட சொல்லலியே" என்றான்.

மழை காரணமில்லை. தேர்வும் காரணமில்லை.

விளக்கை அணைக்காத ஐந்து வருஷம்

எக்ஸ்-மென் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி, பலரும் தாண்டிப் போகிற ஒன்று. 66ஆம் இதழோடு புதுக்கதை நின்றதும் பத்திரிகையை அப்படியே புதைத்துவிடவில்லை. அதே 1970 கடைசியில் 67ஆம் இதழ் வந்தது. உள்ளே பழைய கதையின் மறுபதிப்பு. 1975இல் வந்த 93ஆம் இதழ் வரை இப்படியே 27 இதழ்கள். புதுசாக ஒரு வரி இல்லை. வியாபாரக் கணக்குத்தான் காரணமாக இருக்கும், அதை நான் தியாகமாக்கப் பார்க்கவில்லை. ஆனாலும் பெயர் கடையில் இருந்தது, இதழ் எண் அறுபடாமல் ஓடியது. திரும்பி வர நினைத்தவர்களுக்கு ஒரு வாசல் திறந்திருந்தது.

இதைப் படிக்கும்போது எனக்கு பாலாலயம் ஞாபகம் வந்தது. கோயிலில் திருப்பணி நடக்கும்போது மூலஸ்தானத்தை மூடுவார்கள். அதற்காகப் பூஜையை நிறுத்துவதில்லை. இறைவனை அத்திப் பலகையிலோ கலசத்திலோ ஆவாகனம் செய்து, பக்கத்தில் ஒரு சின்னக் கொட்டகையில் வைத்து அன்றாடப் பூஜையைத் தொடர்வார்கள். கூட்டம் இருக்காது, மேளம் இருக்காது. சின்ன வயசில் அதைப் பார்த்து, "சாமிய ஏம்மா இங்க வச்சிருக்காங்க?" என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறேன். "வீடு சரி பண்றாங்கய்யா, அது வரைக்கும்" என்றார்.

அப்பர் சுவாமிகளின் வாழ்க்கையிலும் அப்படி ஒருவர் இருந்தார். தம்பி மருணீக்கியார் வேறு வழியில் போய்விட்டார். அக்கா திலகவதியார் திருவதிகைக் கோயிலில் தினமும் விடியலில் கூட்டி மெழுகி, பூப்பறித்து மாலை கட்டித் தொண்டு செய்துகொண்டு, தம்பிக்காக வேண்டிக்கொண்டு இருந்தார். தம்பி சூலை நோயோடு திரும்பி வந்தபோது போய்ச் சேர ஓர் இடம் இருந்தது, திருநீறு கொடுக்க ஒரு கை இருந்தது. நாம் நாவுக்கரசரைக் கொண்டாடுகிறோம், சரிதான். அந்த இடைப்பட்ட வருஷங்களில் விளக்கை அணையாமல் பார்த்துக்கொண்டவரை அவ்வளவாகப் பேசுவதில்லை.

ஆக, தடுமாறிய ஒன்று தேறுவதற்கு முதலில் வேண்டியது சின்ன அளவிலாவது அதைத் தொடர்ந்து நடத்துகிற ஓர் ஆள்.

தேறியதா, வேறொன்றாக மாறியதா?

காத்திருந்தால் மட்டும் போதுமா? போதாது. 27 மறுபதிப்போடு 28ஆவதும் மறுபதிப்பாக வந்திருந்தால் இன்று எக்ஸ்-மென் பெயரே நமக்குத் தெரிந்திருக்காது.

1975இல் லென் வீன் எழுத, டேவ் காக்ரம் வரைய, ஜயன்ட்-சைஸ் எக்ஸ்-மென் என்ற சிறப்பிதழ் வந்தது. பழைய அணி ஒரு தீவில் சிக்கிக்கொள்கிறது, அதை மீட்க சேவியர் புது அணி சேர்க்கிறார். கென்யாவிலிருந்து ஸ்டார்ம், ஜெர்மனியிலிருந்து நைட்கிராலர், சோவியத் கூட்டுப் பண்ணையிலிருந்து கொலோசஸ், கனடாவிலிருந்து வுல்வரின். அடுத்து 94ஆம் இதழிலிருந்து கிறிஸ் கிளேர்மான்ட் எழுதத் தொடங்கினார். 1991 வரை, 16 வருஷம் எழுதினார்.

அந்தப் புதுத் தொடக்கமும் ஆட்டத்தோடுதான் வந்தது. புது அணியில் ஒருவனான தண்டர்பேர்ட் 95ஆம் இதழிலேயே செத்துப்போகிறான். 1978 வரை பத்திரிகை இரண்டு மாதத்துக்கு ஒரு தடவைதான் வந்தது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பிடித்துக்கொண்டது. 1991இல் கிளேர்மான்ட்டும் ஜிம் லீயும் செய்த புது எக்ஸ்-மென் முதல் இதழ் 80 லட்சத்துக்கும் அதிகமான பிரதிகள் விற்று கின்னஸ் சாதனையானது.

இங்கே என் அறைத்தோழன் ஒரு நல்ல ஆட்சேபம் சொன்னான். "பழைய ஆளுங்கள்ல சைக்ளோப்ஸைத் தவிர எல்லாரும் வெளிய போயிட்டாங்க. எழுதுறவர் வேற, வரையறவர் வேற. இது தேறினதுன்னு எப்படிடா சொல்ற? பழசு செத்துடுச்சு, அதே பேர்ல புதுசு பொறந்திருக்கு, அவ்வளவுதான்."

நான் ரெண்டு நாள் யோசித்தேன். பதில் மறுபடி பாலாலயத்தில்தான் கிடைத்தது. திருப்பணிக்குப் பிறகு கோயிலில் பழைய கூரை இருக்காது, பழைய தரை இருக்காது. சில இடங்களில் தகரக் கொட்டகையாக இருந்தது ராஜகோபுரத்தோடு நிற்கும். ஆனாலும் அது அதே கோயில் என்று நாம் சொல்கிறோம். பூஜை அறுபடவில்லை, யாருக்காகக் கட்டினோமோ அவர் மாறவில்லை. எக்ஸ்-மென்னில் அந்த மூலவர், நான் முன்னே சொன்ன கேள்விதான். வெறுப்பவனுக்கு ஏன் நன்மை செய்ய வேண்டும்? 1963இல் அதைக் கேட்டுவிட்டு மறந்துவிட்டார்கள். 1975க்குப் பிறகு வந்தவர்கள் அதையே மையத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஆட்களை மாற்றியது அந்தக் கேள்வியைக் காப்பாற்றத்தான். கேள்வியையும் தூக்கிப் போட்டிருந்தால் என் நண்பன் சொன்னதுதான் சரி.

பழசை என்ன செய்வது?

இதைவிடக் கஷ்டமான விஷயம் ஒன்று உண்டு. தேறிய பிறகு, பழைய தப்பை என்ன செய்வது? அந்தத் தொடரே இதற்கு இரண்டு வழிகளைக் காட்டுகிறது.

மேக்னீட்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். 1963இல் வெறும் வில்லன். 1981இல் வந்த 150ஆம் இதழில் கிளேர்மான்ட் அவனுக்கு ஒரு கடந்த காலம் கொடுத்தார்: அவன் ஆஷ்விட்ஸ் வதை முகாமில் வளர்ந்தவன். அதே இதழில் கிட்டி என்ற சின்னப் பெண்ணைத் தன் கையால் கொன்றுவிட்டதாக நினைத்து இடிந்துபோகிறான். யாரிடமிருந்து தன் இனத்தைக் காப்பாற்ற நினைத்தானோ அவர்களைப் போலவே தானும் ஆகிவிட்டதை அங்கேதான் உணர்கிறான். 1985இல் 200ஆம் இதழில் அவன் மீது வழக்கு விசாரணையே நடக்கிறது. பழைய 18 வருஷக் குற்றங்களில் எதையும் "அது நடக்கவே இல்லை" என்று கிளேர்மான்ட் அழிக்கவில்லை.

ஜீன் கிரே கதை வேறு மாதிரி போனது. 1980இல் ஃபீனிக்ஸ் சக்தியோடு அவள் ஒரு நட்சத்திரத்தை விழுங்கிவிட, 500 கோடி உயிர்கள் வாழ்ந்த ஒரு கிரகம் அழிகிறது. முதலில் எழுதிய முடிவில் சக்தி மட்டும் பறிபோய் அவள் உயிர் வாழ்வதாக இருந்தது. தலைமை ஆசிரியர் ஜிம் ஷூட்டர் ஒத்துக்கொள்ளவில்லை. இவ்வளவு பெரிய அழிவைச் செய்த ஒருத்தி அதற்கு விலை கொடுக்காமல் வீட்டுக்குப் போக முடியாது என்றார். முடிவை மாற்றினார்கள். 137ஆம் இதழில் ஜீன் தன் உயிரைத் தானே கொடுக்கிறாள். படிக்கும்போது கை நடுங்குகிற இடம் அது. ஆனால் 1986இல், அவளைத் திரும்பக் கொண்டுவருவதற்காக, "அழித்தது ஜீனே இல்லை, அவள் உருவம் எடுத்த வேறொரு சக்தி" என்று ஒரு விளக்கம் கொடுத்தார்கள். ஜீன் திரும்பி வந்தாள். அந்த மரணத்தின் கனம் குறைந்துபோனது.

மேக்னீட்டோ தன் தப்பைச் சுமந்துகொண்டு மாறினான். ஜீனுக்குத் தப்பே இல்லாமல் செய்துவிட்டார்கள். எனக்கு முதல் வழிதான் மீட்சி என்று படுகிறது. நாவுக்கரசர் தன் பாடல்களில் வீணாகப் போன வருஷங்களை நினைத்து எத்தனை இடங்களில் வருந்துகிறார் என்று பாருங்கள். மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை.

"மழைக்காலம், பள்ளித் தேர்வு" என்று நான் எழுதிய அறிக்கை இரண்டாம் வகை. "அது நாங்க இல்ல, வேற சக்தி."

எப்போது போதும் என்பது?

ஒரு நியாயமான எதிர்வாதத்தை விட்டுவிடக் கூடாது. தேறி வந்த தொடரைப் பற்றித்தான் நாம் பேசுகிறோம். ஹல்க்கூட 1962இல் தொடங்கி 6 இதழோடு நின்று, பிறகு திரும்பி வந்த தொடர்தான். ஆனால் நின்றுபோய்த் திரும்பி வராத தொடர்களைப் பற்றி யார் கட்டுரை எழுதுகிறார்கள்? பிழைத்தவர்களை மட்டும் எண்ணினால் எல்லாமே பிழைக்கும் என்றுதான் தோன்றும். எக்ஸ்-மென் தேறியது என்பதால் எங்கள் வகுப்பும் தேறும் என்று நான் சொன்னால், செயலவை சிரிக்கும். சிரிக்க வேண்டியதுதான்.

என்னால் சொல்ல முடிவது இவ்வளவுதான். மூடுவதற்கு முன்னால் மூன்று விஷயங்களைப் பார்த்தாக வேண்டும். உள்ளே காப்பாற்றத் தகுந்த ஒரு கேள்வி இருக்கிறதா? தப்பு எங்கே என்று நேர்மையாகக் கேட்டோமா? கேட்டதற்குப் பிறகு எதையாவது உண்மையாகவே மாற்றினோமா? மூன்றையும் செய்தும் ஆட்டம் அடங்கவில்லை என்றால் மூடுவதில் அவமானம் இல்லை. மூன்றையும் செய்யாமல் மூடுவது சோம்பல். செய்யாமலேயே இழுத்துக்கொண்டு போவதும் அதே சோம்பல்தான், பக்தி என்று பெயர் வைத்துக்கொள்கிறோம்.

அதனால் கூட்டத்தில் நான் இப்படிச் சொல்லப்போகிறேன். முதலில், போன அறிக்கையில் நான் எழுதிய காரணம் பொய். பிள்ளைகள் போனது எங்களால். இரண்டாவது, ஆறு மாதம் கொடுங்கள். இனி ஒவ்வொரு பதிகத்துக்கும் முன்னால் அதைப் பாடியவரின் கதையைச் சொல்வோம், பிறகுதான் ராகம். மாதக் கடைசியில் பிள்ளைகளையே உட்காரவைத்து எது பிடிக்கவில்லை என்று கேட்டு எழுதிக்கொள்வோம். நின்றுபோன 18 பேர் வீட்டுக்கும் நாங்களே நேரில் போவோம். பசியாறலுக்குக் கிளைப் பணம் வேண்டாம், நாங்கள் மூவரும் முறை வைத்துப் பார்த்துக்கொள்வோம். ஆறு மாதம் கழித்து, ஏன் பாடுகிறோம் என்று பிள்ளைகளால் சொல்ல முடியவில்லை என்றால், வகுப்பை நிறுத்தும் தீர்மானத்தை நானே கொண்டுவருகிறேன்.

தீர்மானம் எப்படிப் போகும் என்று தெரியாது. பொருளாளர் அண்ணன் கணக்கில் கெட்டிக்காரர், சுலபமாக விடமாட்டார். ஆனால் கூட்டம் அடுத்த மாதம்தானே. அது வரைக்கும் நாலு ஞாயிறு இருக்கிறது. பர்கர் கடைத் தம்பியிடம் சொல்லியிருக்கிறேன், இந்த வாரம் திலகவதியார் கதை என்று. "பாக்கலாம்ண்ணே" என்றான். அவன் வந்தால் ஆறு பேர். வராவிட்டாலும் காலை ஒன்பது மணிக்கு அந்த ஐந்து பேருக்குப் பாய் விரித்து வைத்திருப்பேன்.